மலையூரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெட்வொர்க் தொழில்: ஐடி போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

நீலகிரியில் ஒரு குடும்பத்துக்குப் பணம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. பச்சைத் தேயிலையின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஏப்ரல், மே சீசனில் கடையும் காட்டேஜ் வேலையும் வாடகை வண்டியும் கொடுப்பதை வைத்துக்கொண்டு மழைக்காலத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. உறைபனி விழும் நாட்களில் கொழுந்து கருகித் தோட்டத்தில் வேலை குறைந்துவிடுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தாயும் வேலைக்குப் போவதென்றால், மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது, காட்டெருமை நடமாடும் பாதையில் யார் கூட்டி வருவது என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. "வீட்டிலிருந்தே செய்யலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம், ஒரு ஐடி மட்டும் போடுங்கள் அக்கா" என்ற பேச்சு நுழைவது சரியாக இந்த இடத்தில்தான். நெட்வொர்க் தொழில் என்பது ஒரு நிறுவனத்தின் பொருளை விற்றும், தமக்குக் கீழே ஆள் சேர்த்தும் கமிஷன் பெறுவது; ஐடி போடுவது என்றால் அதில் உறுப்பினராகச் சேர்வது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக் கொடுக்கும் பழக்கத்தில், இந்தத் தொழிலில் இறங்கிய வீடுகளின் வரவு செலவும் என் கண்ணில் படுகிறது. இதில் உள்ளவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன்; பொருளை விற்றுக் கொஞ்சம் காசு பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் மளிகைக் கடனுக்கும் இதையே நம்பலாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாததற்குக் காரணம் என்ன, சேர்வதென்றே முடிவு செய்துவிட்டால் எப்படி நடந்துகொள்ள வேண்டும், விலகுவதென்றால் எப்படி விலக வேண்டும் என்பவற்றைக் கீழே எழுதுகிறேன்.

பணம் யாருடைய கையிலிருந்து வருகிறது

உங்களுக்குப் 'பிளான்' காட்ட வருபவர் ஒரு நோட்டுத் தாளையோ வெள்ளைப் பலகையையோ எடுத்து, நடுவில் வட்டம் போட்டு அதற்குள் 'நீங்கள்' என்று எழுதுவார். அதற்குக் கீழே 'லெஃப்ட்' ஒன்று, 'ரைட்' ஒன்று. அவற்றின் கீழே இன்னும் வட்டங்கள். தாளின் அடியில் லட்சத்தில் ஒரு தொகை. அந்தத் தாள் முழுவதையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பொருளின் பெயரோ அதை வாங்கப் போகிறவரின் பெயரோ பெரும்பாலும் அதில் இருக்காது. இருப்பதெல்லாம் சேர வேண்டிய ஆட்கள்தான்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "நான் ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?" இதற்கு ரூபாயில் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "அக்கா, அப்படி யோசிக்காதீர்கள், பெரிதாக யோசியுங்கள்" என்று பதில் வந்தால், அங்கே வருமானம் பொருளில் இல்லை, ஆள் சேர்ப்பதில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆள் சேர்ப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்தையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒருவர் 6 பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு 6 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அடுக்கில் 36, மூன்றாவதில் 216, நான்காவதில் 1,296, ஐந்தாவதில் 7,776 பேர் வேண்டும். ஆறாம் அடுக்குக்கு 46,656 பேர் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி குன்னூர் நகராட்சியின் மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான், அதிலும் கைக்குழந்தைகளைச் சேர்த்து எண்ண வேண்டும். எட்டாம் அடுக்குக்கு 16,79,616 பேர் வேண்டும். அதே கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 7,35,394. உங்கள் ஹட்டிக்கோ (படுகர் ஊர்) எஸ்டேட் லைன் வீடுகளுக்கோ இந்தத் திட்டம் வந்து சேரும்போது அது எத்தனையாவது அடுக்கு என்பதை யாரும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கீழே சேர்க்க ஆள் இருக்காது என்பது மட்டும் உறுதி.

இது வெறும் ஊகக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு தகவல். அமெரிக்காவின் வர்த்தக ஒழுங்குமுறை அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் அலுவலர்கள், இத்தகைய 70 நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களை ஆராய்ந்து 2024இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆண்டொன்றுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவாகவே பெற்றதாக அதில் தெரியவந்தது. மாதத்துக்குப் பிரித்தால் 84 டாலர்கூட வராது. அந்த விவரங்களில் பெரும்பாலானவை உறுப்பினர் தம் கையிலிருந்து செய்த செலவைக் கழிக்கவும் இல்லை. நிறுவனமே தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட கணக்கின் நிலை இது.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

நேரடி விற்பனை, அதாவது கடை வைக்காமல் இப்படி ஆட்கள் மூலம் பொருள் விற்பது, நம் நாட்டில் தடை செய்யப்பட்ட தொழில் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நேரடி விற்பனைக்கான விதிகள் 2021 டிசம்பரில் வெளியிடப்பட்டன. அந்த விதிகளின்படி நிறுவனத்துக்கு இந்தியாவில் பதிவு அலுவலகம் இருக்க வேண்டும். விற்பனையாளராகச் சேரும் உங்களோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அடையாள அட்டை தர வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, வரும் புகாரைச் சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பிரமிடுத் திட்டத்தையும் (அடுக்கடுக்காக ஆள் சேர்ப்பதற்கே பணம் தருவது) பணச் சுழற்சித் திட்டத்தையும் (புதிதாகச் சேர்பவர் கட்டும் பணத்தைக் காட்டி விரைவாகப் பணம் தருவதாகச் சொல்வது) அதே விதிகள் தடை செய்கின்றன. சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே சொல்லியிருக்கின்றன. இப்போது நேராகக் கட்டணம் என்று கேட்பவர் குறைவு. 'கிட்' என்றும் 'பேக்கேஜ்' என்றும் பெயர் மாற்றி அதே தொகையை வாங்குகிறார்கள்.

எனவே பணம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய்ப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளி ஆசிரியரிடமோ வங்கியில் இருக்கும் தெரிந்தவரிடமோ காட்டிக் கேளுங்கள். மூன்று செய்திகள் அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம், விற்காத பொருளைத் திருப்பிக் கொடுத்தால் எத்தனை நாளுக்குள் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும், மாதந்தோறும் இவ்வளவுக்கு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா. "அதெல்லாம் ஆப்பில் இருக்கிறது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பொருளே இல்லாமல், விளம்பரம் பார்த்தால் பணம், முதலீடு செய்தால் தினமும் வட்டி, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று பேசுபவர்களிடம் ஒப்பந்தமும் கேட்க வேண்டியதில்லை, விலகி நடந்தால் போதும். பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய திட்டத்தை நடத்துபவர் மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்பவரும் பங்கெடுப்பவரும் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் வருகிறார்கள். மூன்றாண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் உண்டு. "நான் வெறும் மெம்பர்தான்" என்பது ஒரு காப்பு ஆகாது. 2024 ஜனவரியில் கோவை நீலம்பூரில், காவல்துறை விசாரித்துக்கொண்டிருந்த இத்தகைய ஒரு நிறுவனத்துக்கு ஆதரவாகப் பணம் கட்டியவர்களே ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தார்கள். போட்ட பணம் உள்ளே சிக்கியிருக்கும்போது நிறுவனம் நிலைக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதனால் உறுப்பினர்கள் கொடுக்கும் நற்சான்றை வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடக் கூடாது.

மாதக் கணக்கு எழுதும் முறை

சேர்ந்துவிட்டவர்கள் 40 பக்க நோட்டு ஒன்றை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பில் காட்டும் 'பாயிண்ட்', 'பிவி' என்ற புள்ளிக் கணக்கு எதையும் அதில் எழுதக் கூடாது. கையிலிருந்து போன ரூபாய் இடப்பக்கம், கைக்கு வந்த ரூபாய் வலப்பக்கம், அவ்வளவுதான். உங்களைச் சேர்த்துவிட்டு உங்களுக்கு மேலே இருப்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காசோலைப் படங்கள் உங்கள் வரவு அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். கமிஷன் பெறத் தகுதியுள்ள 'ஆக்டிவ்' உறுப்பினராக இருக்க மாதம் 3,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் மேல் அச்சிட்ட விலையில் அது 3,750 ரூபாய். எல்லாவற்றையும் அச்சிட்ட விலைக்கே விற்றால் 750 ரூபாய் நிற்கும். ஆனால் நடப்பது வேறு. மூன்றில் இரண்டு பங்கு விற்கிறது, அதாவது 2,500 ரூபாய்; மீதி நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கமிஷனாக 150 ரூபாய் வருகிறது. மொத்த வரவு 2,650. செலவுப் பக்கத்தில் வாங்கிய விலை 3,000, ஃபோன் ரீசார்ஜில் இதற்கான பங்கு 100, பொருளைக் கொண்டு கொடுக்கப் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக 200, கோயம்புத்தூர் 'செமினாருக்கு' ஒரு நாள் போய் வர 500. மொத்தம் 3,800. கையிலிருந்து போனது 1,150 ரூபாய். அலமாரியில் இருக்கும் சரக்கை வாங்கிய விலைக்கே மதித்து 1,000 ரூபாய் என்று வரவு வைத்தாலும் 150 ரூபாய் நஷ்டம். பிள்ளைகளின் மாலை நேரத்துக்கு இந்தக் கணக்கில் இன்னும் விலை போடவே இல்லை.

அலமாரிச் சரக்கை வாங்கிய விலைக்கு மதிப்பதுகூட நம் ஊரில் தாராளம்தான். கோத்தகிரியிலோ குன்னூரிலோ மழையும் மூடுபனியுமான மாதங்களில் சத்துமாவு டப்பாவை ஒருமுறை திறந்தால் போதும். ஒரு வாரத்தில் அது சுவரோரமாகக் கட்டி தட்டிக் கரண்டிக்கு வராது. சலவைத்தூள் அட்டைப்பெட்டியின் அடி நனைந்து லேபிள் உரிந்து வரும். அதைக் கொண்டு போய் முழு விலைக்கு விற்க முடியுமா? காலாவதித் தேதி நெருங்கிய பொருளை 'ஆஃபர்' என்று தள்ளிவிடுபவர்களிடம் வாங்கிச் சேர்க்காதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் மழையில் கூரியரே தாமதமாகிறது; அந்த மாதங்களில் வாங்கும் அளவைப் பாதியாகக் குறைத்துவிடுவது நல்லது, நிறுவனம் தரும் 'ரேங்க்' என்ற படிநிலை போனாலும் போகட்டும்.

நேரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஃபோனில் பேசியது, வீடு வீடாகப் போனது, 'ஜூம் மீட்டிங்' கேட்டது எல்லாவற்றையும் மணிக்கணக்கில் குறியுங்கள். மாத முடிவில் மிஞ்சிய பணத்தை அந்த மணிகளால் வகுத்து, உங்கள் ஊரில் கொழுந்து பறிக்கவோ கேரட் அறுவடைக்கோ கொடுக்கும் கூலியோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து கூலியைவிடக் குறைவாக வந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். இந்தக் கெடுவைச் சேரும் நாளன்றே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கணவரோ மாமியாரோ அறியக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். "இன்னும் ஒரே மாதம்" என்று ஒவ்வொரு மாதமும் சொல்லவைப்பதில் இந்தத் தொழிலுக்கு நிகர் இல்லை.

குழுக் கடனையும் நுண்கடனையும் இதற்குத் தொடவே கூடாது. குழுக் கடனுக்கு மாதத் தவணை உண்டு, கட்டத் தவறினால் உங்களோடு குழுவில் இருக்கும் மற்றப் பெண்களின் பெயரும் கெடுகிறது. மகளிர் உரிமைத்தொகையாக மாதம் வரும் 1,000 ரூபாயைக் குறிவைத்தே "அந்த ஆயிரத்தை மட்டும் போடுங்கள்" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகை வரும் வங்கிக் கணக்கையும் இந்தத் தொழிலின் கணக்கையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஏடிஎம் அட்டை, ஓடிபி, ஆதார் நகல் எதையும் 'ஐடி போட்டுத் தருகிறேன்' என்பவரிடம் கொடுத்துவிட்டு வரக் கூடாது. உங்கள் பெயரிலும் கணவர், பிள்ளைகள் பெயரிலுமாக மூன்று நான்கு ஐடி போட்டு முதலீட்டைப் பெருக்கும் வழக்கமும் உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில்

வீட்டிலிருந்தே வேலை என்றாலும் அந்த வேலை நடக்கும் நேரம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை, ஏனென்றால் மற்றவர்கள் வீட்டில் இருக்கும் நேரம் அதுதான். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதும் அதே நேரம். வாரத்தில் இரண்டு மாலைக்கு மேல் இதற்குக் கொடுப்பதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டு, அதை மேலே இருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குழந்தையின் படத்தைப் போட்டு "என் மகளின் ஃபீஸை இதில்தான் கட்டினேன்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கச் சொல்வார்கள். அது உண்மையே ஆனாலும் வேண்டாம். மலையூரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நாளைக்கு நீங்கள் சேர்த்துவிட்டவர் பணத்தை இழந்தால், பள்ளியில் அதற்குப் பதில் சொல்வது உங்கள் பிள்ளைதான். வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பொருள் விற்பதும், மகனின் நண்பனுடைய அம்மாவை மறுக்க முடியாத இடத்தில் நிறுத்துவதும் அப்படித்தான். பொருளைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பக்கத்து லைனுக்கு அனுப்புவதும் பணம் வாங்கி வரச் சொல்வதும் கூடவே கூடாது.

உயரம் கூட, ஞாபகசக்தி கூட என்று விற்கும் மாவையும் மாத்திரையையும் உங்கள் பிள்ளைக்கே கொடுத்துச் 'சாட்சி' சொல்லச் சொல்வதும் நடக்கிறது. எந்தச் சத்துப் பொருளானாலும் டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் அது உணவாக விற்க அனுமதி பெற்றது என்று பொருள், நோயைத் தீர்க்கும் என்று பொருள் அல்ல. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். நிறுவனம் எழுதித் தராத ஒன்றை விற்பனையாளர் தாமாகச் சொல்லி விற்பதை 2021 விதிகளும் தடுக்கின்றன. எஸ்டேட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டியிடம் "இதைக் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம்" என்று நீங்கள் சொல்லி, அவரும் மாத்திரையை நிறுத்திவிட்டால், அதற்கு நிறுவனம் வந்து நிற்காது.

சொந்தக்காரரிடம் விற்பது

அத்தை, சித்தி, நாத்தனார் வாங்குவதை விற்பனை என்று எண்ணாதீர்கள். அவர்கள் வாங்குவது உங்கள் முகத்துக்காக. இரண்டாம் முறை வாங்குவது சங்கடத்துக்காக. மூன்றாம் முறை ஃபோனை எடுக்க மாட்டார்கள். நோட்டில் உறவினருக்கு விற்றதை வட்டமிட்டுக் காட்டி, வட்டமில்லாத தொகை எவ்வளவு என்று தனியே கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைதான் உங்கள் தொழில். கடனுக்குக் கொடுப்பதில்லை என்பதையும் முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். போனஸ் வரும்போது தருகிறேன் என்று சொல்பவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் போனஸ் மாதத்தில் அவருக்குத் துணி எடுக்க வேண்டியிருக்கும்.

முன்பின் தெரியாதவர்களிடம் நன்றாக விற்கத் தெரிகிறது என்று இந்த நோட்டு காட்டினால், அந்தத் திறமை உங்களுடையது. அதை இன்னொருவருக்குக் கீழே வைத்திருக்க அவசியம் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு வீட்டுச் சாக்லேட்டோ வர்க்கியோ செய்து சீசன் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், குழுவின் மூலம் கண்காட்சிக் கடை எடுப்பவர்கள் எல்லோரும் இதே திறமையில்தான் பிழைக்கிறார்கள்.

விலகும்போது

விலகுகிறேன் என்று வாயால் சொன்னால் மூன்று பேர் வீட்டுக்கு வந்து பேசுவார்கள். அதனால் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ, சேர்ந்த தேதி, ஐடி எண், விற்காத பொருளின் பட்டியல், திரும்ப வர வேண்டிய தொகை ஆகியவற்றை எழுதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். கமிஷனில் வரி பிடித்திருந்தால், ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பலர் சிறு தொகை என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையம் உதகையில் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருள் இல்லாத பண வசூலாக இருந்தால் அது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு உரியது; முதலீட்டாளர் பாதுகாப்புக்காகத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் இத்தகைய வசூலைப் பற்றிப் புகார் தரலாம். பணம் யுபிஐ மூலம் ஏமாற்றிப் பறிக்கப்பட்டிருந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் 1930ஐ அழைக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தொகை அடுத்த கணக்குக்குப் போகும் முன்தான் முடக்க முடியும்.

புகாருக்குத் தேவையானவை எளியவை: பணம் அனுப்பிய ரசீது, வங்கிப் புத்தகத்தின் பக்கங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், பிளான் காட்டிய தாள். குழுவிலிருந்து வெளியேறும் முன் உரையாடல்களை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் தம் செய்திகளை அழித்துவிட முடியும் என்பதால் முக்கியமானவற்றை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள். நீங்கள் சேர்த்துவிட்டவர்களிடமும் அதே வாரத்தில் போய், நான் விலகிவிட்டேன், நீங்களும் விற்காத பொருளைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லி, உங்கள் கடிதத்தின் நகல் ஒன்றை மாதிரிக்காகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.